ஆப்பிரிக்க ராக் சிங்கிள்கள்: சேகரிப்பாளர்கள் எதில் முரண்படுகிறார்கள், நீங்கள் எதைத் தேடலாம்

கேள்வி இதுதான்: "சாம்பியா, நைஜீரியா நாடுகளின் எழுபதுகளின் ராக் இசையை மறுவெளியீடுகள் வழியாகக் கேட்டுப் பழகிவிட்டேன். இப்போது அசல் 45 ஆர்.பி.எம். சிங்கிள்களை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்னத் தட்டுகளை, தேடலாமா என்று யோசிக்கிறேன். சேகரிப்பாளர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் கொண்டாடும் தட்டை இன்னொருவர் தொடக்கூட மாட்டேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுங்கள், சிங்கிள்களையே தேடுங்கள். எல்.பி. எனப்படும் பெரிய, நீண்டு ஓடும் தட்டுகளை மறுவெளியீட்டில் நிம்மதியாகக் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் குழுக்கள் தங்கள் ஊர்க்காரர்களுக்காக என்ன வாசித்தன என்பது சின்னத் தட்டுகளில்தான் இருக்கிறது. அவற்றில் நிறையப் பாட்டு இன்னும் எந்தத் தொகுப்பிலும் வரவில்லை.

இனி சேகரிப்பாளர்கள் விஷயம். ஒரே தட்டைப் பற்றி அவர்கள் சண்டை போட்டாலும், அதில் தேடுவது வேறு வேறு. சைகடெலிக் ராக் (மயக்கநிலை போன்ற ஒலிகளைத் தேடிய ராக்) எல்.பி. சேர்ப்பவர்கள் ஒரு கூட்டம். ஐரோப்பா, அமெரிக்காவின் அறுபதுகளின் கடைசி ராக்கை அலசி முடித்துவிட்டு, அதே ஒலியைத் தேடி ஆப்பிரிக்காவுக்கு வந்தவர்கள். ஃபஸ் கிடார் (ஒலியைக் கரகரவெனத் திரித்த கிடார்), ஆங்கில வரிகள், நீளமான சோலோ, கண்ணைப் பறிக்கும் உறை, இவைதான் அவர்களுடைய அளவுகோல். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும், உறையும் இல்லாத சிங்கிளில் அவர்களுக்குப் பெரிய பிடிப்பு இருக்காது. இரண்டாவது கூட்டம் டி.ஜே.க்கள். டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் எட்டு தாளச் சுற்று, கனமான பேஸ், ஆட வைக்கும் வேகம் வேண்டும். பாடகர் என்ன பாடுகிறார் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். மூன்றாவது, அந்தந்த நாட்டிலேயே சேர்ப்பவர்கள். லாகோஸிலோ லுசாக்காவிலோ வளர்ந்து, வானொலியிலும் பாரிலும் கல்யாண வீட்டிலும் ஒலித்த பாட்டைத் தேடுபவர்கள். அவர்களுக்கு இக்போ, நியாஞ்சா போன்ற உள்ளூர் மொழியில் பாடிய ஏ பக்கம், அதாவது தட்டின் முதல் பக்கம், முக்கியம். வெளிநாட்டுக்காரர் பல நேரம் அதே தட்டின் பி பக்கத்துக்காகப் பணம் கொடுப்பார். ஒரு தட்டு அருமை என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஆள் எந்தக் கூட்டம் என்று பாதி தெரிந்துவிடும்.

விலையைத் தீர்மானிப்பதில், இசை நிறுவனங்கள் பழைய பாட்டுகளைச் சேர்த்து வெளியிடும் தொகுப்புகளுக்கும் பெரிய கை உண்டு. 2005-இல் லுவாக்கா பாப் வெளியிட்ட மேற்கு ஆப்பிரிக்க சைகடெலிக் தொகுப்பு, 2008-இல் சவுண்ட்வே வெளியிட்ட 'நைஜீரியா ராக் ஸ்பெஷல்', 2016-இல் நவ்-அகெய்ன் வெளியிட்ட 'வேக் அப் யூ' என்று வரிசையாக வந்தன. தொகுப்பில் இடம்பிடித்த பாட்டின் அசல் தட்டு ஏறும். அதே குழு அதே வருடம் அதே ஸ்டுடியோவில் பதிந்த அடுத்த தட்டு கவனிப்பாரின்றிக் கிடக்கும். இது இசையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு இல்லை. தொகுத்தவர் கையில் அன்று எது நல்ல நிலையில் இருந்தது, யாரிடம் உரிமை வாங்க முடிந்தது என்பதெல்லாம் சேர்ந்து முடிவானது. ஆகவே தொகுப்புக்கு வெளியே தேடுபவருக்கு இன்னமும் நிறைய இடம் இருக்கிறது.

சிங்கிள்தான் முதல் என்று நான் சொல்வதற்கு நைஜீரியாவே போதுமான சான்று. கிழக்கு நைஜீரியா பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரிந்ததால் 1967 ஜூலையில் தொடங்கிய பியாஃப்ரா போர் 1970 ஜனவரியில் முடிந்தது. அதற்கு முன் லாகோஸின் ஹைலைஃப் (மேற்கு ஆப்பிரிக்க நடன இசை) குழுக்களில் கிழக்கைச் சேர்ந்த இக்போ இசைக்கலைஞர்கள் நிறைய இருந்தார்கள். போர் மூண்டதும் அவர்கள் கிழக்கே திரும்பிவிட, அந்தக் குழுக்கள் ஆட்டம் கண்டன. போரின்போது இரண்டு தரப்புமே சிப்பாய்களுக்காக இசைக்குழுக்களை ஆதரித்தன. போர் முடிந்தபோது கிழக்கில் வீடும் கடையும் சிதைந்து கிடந்தன, ஆனால் எலக்ட்ரிக் கிடார் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் இருந்தார்கள், மூன்று வருடம் அடங்கிக் கிடந்து ஆட வெளியே வந்த கூட்டமும் இருந்தது. அபா, எனுகு, ஓவெரி போன்ற நகரங்களில் ராக் குழுக்கள் முளைத்தது இந்தச் சூழலில்தான். எல்.பி. வாங்க அந்தக் கூட்டத்திடம் காசு கிடையாது. இ.எம்.ஐ., டெக்கா, பிலிப்ஸ் ஆகிய மூன்று இசைத்தட்டு நிறுவனங்களுக்குமே புதுப் பையன்களை வைத்துச் சோதித்துப் பார்க்க சிங்கிள்தான் மலிவான வழி.

தி ஃபங்கீஸ் குழுவைப் பாருங்கள். அபாவில் ராணுவக் குழுவாகத் தொடங்கியது. 'அகுலா ஓவு ஓன்யேயாரா' உள்ளிட்ட அவர்களுடைய சிங்கிள்கள் கிழக்கு நைஜீரியாவில் பெரிய வெற்றி பெற்றன. பிறகு லண்டனுக்குப் போனார்கள், எல்.பி.களும் வந்தன. சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் லண்டன் எல்.பி.களைத்தான் உயர்த்திப் பேசுவார்கள், ஒலிப்பதிவு சுத்தமாக இருக்கிறது என்று. எனக்கு அது ஒப்பவில்லை. ஊரில் பதிந்த சிங்கிள்களில் தாளமும் கோரஸும் முண்டியடித்து வரும் வேகம், லண்டனில் பதிந்தபோது ஒழுங்குக்குள் வந்துவிட்டது. 2012-இல் சவுண்ட்வே வெளியிட்ட தொகுப்பில் இரண்டு காலத்தையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கோடி ஓக்கு வழிநடத்திய தி ஹைகிரேட்ஸ் இன்னும் தெளிவான உதாரணம். அவர்கள் பெயர் நிலைத்திருப்பதே ஒரு கைப்பிடி சிங்கிள்களால். எல்.பி. மட்டும் சேர்ப்பவர் அலமாரியில் இந்தக் குழுவே இருக்காது. ஆனால் 'இன் த ஜங்கிள்' என்ற அந்தப் பாடலில்லாத் துண்டில் கிடார் ஒலிப்பதுபோல அந்தக் காலத்து எல்.பி.களில் நான் கேட்டதில்லை. ஓக்கு பின்னாளில் எனுகுவில் சொந்த ஸ்டுடியோ நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலியைப் பற்றி அவருக்கு அன்றே தெளிவான கருத்து இருந்தது அந்தத் தட்டில் கேட்கிறது.

தி விங்ஸ் குழு உள்ளூர்ச் சேகரிப்பாளர்களுக்கும் வெளியாருக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும். அவர்களுடையது மென்மையான, உருக்கமான பாப். ஃபஸ் தேடுபவர்கள் கடந்துபோய்விடுவார்கள். பாடகர் ஸ்பட் நேதன் 1974-இல் சாலை விபத்தில் இறந்தார், குழு இரண்டாக உடைந்தது. கிழக்கு நைஜீரியாவில் அந்தத் தலைமுறைக்கு அந்தக் குரல் என்னவாக இருந்தது என்று தெரிந்தவர்கள் அந்தத் தட்டுகளை விற்க மாட்டார்கள். நேர்மாறாக, ஓஃபோ த பிளாக் கம்பெனி 1972-இல் டெக்காவில் வெளியிட்ட 'அல்லா வாக்பார்' சைகடெலிக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. கிடார் கிழிந்து வரும், கோஷம்போல ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். எல்லாரும் சொல்வதால் சந்தேகப்பட வேண்டாம், அந்தத் தட்டு உண்மையிலேயே அவ்வளவு நல்ல தட்டு.

சாம்பியாவில் கதை வேறு. அங்கே சேகரிப்பாளர்கள் பேசுவதெல்லாம் எல்.பி.தான். விட்ச் குழுவின் முதல் எல்.பி. அசல் பிரதி ஆயிரம் டாலரைத் தாண்டி விற்றிருக்கிறது. 1975-இல் வந்த அமனாஸ் குழுவின் 'ஆஃப்ரிக்கா', ரிக்கி இலிலோங்காவின் 'சாம்பியா', பால் ங்கோசியின் தட்டுகள் எல்லாமே அதே வழியில்தான் போகின்றன. சரி, இந்த இசை எங்கிருந்து வந்தது? 1964-இல் விடுதலை பெற்ற சாம்பியாவின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாமிரம். கிட்வே, ண்டோலா, சிங்கோலா போன்ற சுரங்க நகரங்களில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் கிடார் வந்தது. வானொலியில் 95 சதவீதம் சாம்பிய இசைதான் ஒலிக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா உத்தரவு போட்டார். உள்ளூர்க் குழுக்களுக்குத் திடீரென்று கதவு திறந்தது. எழுபதுகளின் நடுவில் தாமிர விலை சரிந்தது, அக்கம்பக்கத்தில் விடுதலைப் போர்கள், ஊரடங்கு. பிறகு எய்ட்ஸ் அந்தத் தலைமுறையையே வாரிக்கொண்டு போனது. விட்ச் குழுவின் ஆரம்ப வரிசையில் உயிரோடு எஞ்சியவர் பாடகர் ஜகாரி சாண்டா மட்டும். அவர் ரத்தினக் கல் தோண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தபோதுதான் மறுவெளியீட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள்.

இந்தச் சாம்பிய எல்.பி. மோகத்தில் சிங்கிள்கள் அடிபட்டுப் போயின. பால் ங்கோசி நியாஞ்சாவில் வீட்டுச் சண்டை, குடி, கடன், அண்டை அயலார் என்று பாடியதைச் சாம்பியர்கள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். வெளியார் அவரிடம் தேடுவது ஃபஸ் கிடாரை மட்டும். 1977-இல் அவருடைய ங்கோசி ஃபேமிலி குழு பதிந்த 'நிசாகுபாங்கா ங்கோசி'யை 2024-இல் அமெரிக்க ராப் பாடகர் டைலர் த கிரியேட்டர் தன் பாட்டில் எடுத்தாண்ட பிறகு, நியாஞ்சா வரி கோடிக்கணக்கான காதில் விழுந்தது. தாய்மொழியில் பாடிய சாம்பிய சிங்கிள்களை இன்னும் தீவிரமாகத் தேட ஆரம்பிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். இந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இப்போதே போங்கள்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிம்பாப்வே அன்று ரொடீஷியா. வெள்ளை ஆட்சிக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் வெல்ஸ் ஃபார்கோ என்ற கறுப்பின ராக் குழு 'வாட்ச் அவுட்' என்று ஒரு சிங்கிள் போட்டது. குழுவின் அமெரிக்கப் பெயரைப் பார்த்து நகல் குழு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கானாவின் சைகடெலிக் ஏலியன்ஸ் மிகக் கொஞ்சமே வெளியிட்டார்கள்; அசல் கிடைப்பது மிக அரிது, மறுவெளியீடே போதும். மொராக்கோவின் ஃபதூல் பாடியவை கொஞ்சம் சிங்கிள்கள்தாம், எல்லாம் கரடுமுரடு, எல்லாம் உயிருள்ளவை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த தி ஃபிளேம்ஸ் குழு 1968-இல் 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' மூலம் நாடு முழுக்கப் புகழ் பெற்றது. அதன் ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் 1972-இல் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் அச்சான பிரதிகள் பொதுவாக நல்ல நிலையில் கிடைக்கும் என்பதால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது வசதி.

எத்தியோப்பியாவை ராக் என்று சேர்க்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் ஒரு விஷயம் நம் பக்கத்து வாசகருக்குப் பிடிக்கும். 1969-இல் அம்ஹா எஷேட்டே என்ற இளைஞர் அரசின் ஏகபோகத்தை மீறி அடிஸ் அபாபாவில் சொந்த லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், தொடங்கினார். நாட்டில் தட்டு அச்சடிக்க வசதி இல்லை, அதனால் முதல் சிங்கிள்களை இந்தியாவில் அச்சடித்து வரவழைத்தார். அலெமாயேஹு எஷேட்டேயின் முதல் தட்டும் அப்படி வந்ததுதான். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியத் தொடர்பு உண்டு. நைரோபி, மொம்பாசாவின் இசைத்தட்டு வணிகத்தில் இந்திய வம்சாவளியினர் நிறைய இருந்தார்கள், சாம்பிய ராக் தட்டுகள் பலவும் நைரோபியில்தான் அச்சாகின.

அடுத்து, சேகரிப்பாளர்கள் அதிகம் சண்டை போடும் இடம்: தட்டின் நிலை. இதில் ஐரோப்பியத் தரப்பட்டியலை அப்படியே ஆப்பிரிக்கத் தட்டின்மேல் போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தட்டுகள் பேட்டரியில் ஓடும் சின்ன பிளேயர்களில், தேய்ந்த முள்ளில், புழுதியிலும் ஈரக்காற்றிலும் நூற்றுக்கணக்கான முறை ஓடியவை. உறை முதலிலேயே போயிருக்கும். 'கிட்டத்தட்டப் புதுசு' என்ற தரத்துக்குக் கீழே வாங்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் கிழக்கு நைஜீரிய சிங்கிள்களில் முக்கால்வாசியைக் கேட்காமலேயே இருந்துவிடுவார். எதையும் வாங்கலாம் என்ற எதிர்த்தரப்பும் சரியில்லை; பாட்டு கரகரப்புக்குள் புதைந்துபோன தட்டுக்கு நூறு டாலர் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கண்ணால் பார்த்துத் தரம் சொல்வது இங்கே இரண்டு பக்கமும் ஏமாற்றும். மேலோட்டமான உரசல்கள் நிறைந்து பயமுறுத்தும் தட்டு, பாட்டு சத்தமாகப் பதிக்கப்பட்டதாக இருந்தால், நன்றாகவே பாடும். பளபளவென்று இருக்கும் தட்டில் முள் ஓடும் பள்ளம் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால், பாடகர் குரலை உயர்த்தும் இடமெல்லாம் கிழியும். ஆகவே விற்பவரிடம் புகைப்படத்தைவிட ஒலிப்பதிவு கேளுங்கள். அதிலும் பாட்டின் கடைசி ஒரு நிமிஷம். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள் காகிதத்துக்குப் பக்கத்து உள்பள்ளத்தில்தான் தேய்மானம் முதலில் தெரியும். தொடக்கத்தை மட்டும் பதிந்து அனுப்பும் விற்பனையாளரிடம் முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பிளேயரிலும் செய்ய வேண்டியது உண்டு. பழைய உருண்டை முனை முள் பள்ளத்தின் மேல்பகுதியைத்தான் தின்றிருக்கும். மைக்ரோலைன் போன்ற மெல்லிய முனை கொண்ட முள் இன்னும் கீழே இறங்கித் தேயாத சுவரைத் தொடும். சில தட்டுகளில் வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கும். சில தட்டுகளில் நேர்மாறாக, அடியில் படிந்த அழுக்கை அது கிளறிவிடும், அப்போது உருண்டை முள்ளே மேல். முடிந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த சிங்கிள்கள் பலவும் மோனோ, அதாவது ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், முள் மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். பூஞ்சை பிடித்த தட்டை ஓட்டுவதற்கு முன்பே காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலந்து கழுவி, வெறும் நீரில் அலசி, நிழலில் உலர விடுங்கள். கழுவாமல் ஒருமுறை ஓட்டினாலும் அந்த அழுக்கை முள் பள்ளத்துக்குள் அரைத்துவிடும்.

லேபிளில் பேனாவால் எழுதிய பெயர், கடை முத்திரை, பாரின் பெயர் ஒட்டிய சீட்டு இருந்தால் பலர் விலையைக் குறைப்பார்கள். நான் குறைக்க மாட்டேன். இந்தத் தட்டுகள் எத்தனை விற்றன, எந்த ஊரில் ஓடின என்பதற்கு எழுத்துப் பதிவு பெரும்பாலும் இல்லை. அந்த முத்திரைதான் அந்தத் தட்டு ஒனிட்ஷாவில் விற்றதா கானோவில் விற்றதா என்று சொல்லும்.

போலிகள் உண்டு. பிரபலமான சிங்கிள்களை டி.ஜே.க்களுக்காகத் திரும்ப அச்சடிப்பவர்கள் சிலர் அசல்போலவே லேபிள் போடுகிறார்கள். லேபிள் எழுத்து லேசாக மங்கி, ஸ்கேன் செய்து அச்சிட்டதுபோல இருந்தால் நின்று யோசியுங்கள். பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்றிடத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணை (அச்சை அடையாளம் காட்டும் எண்ணை) படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மற்ற பிரதிகளோடு ஒப்பிடுங்கள். அரிதான ஒரு தட்டு ஒரே விற்பனையாளரிடம் புத்தம் புதிதாகப் பத்து பிரதி இருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். விற்காமல் கிடந்த பழைய கடைச் சரக்கும் உண்மையிலேயே சில நேரம் வெளிவரும், எனவே உடனே பழி போட்டுவிடவும் கூடாது.

அசலா மறுவெளியீடா என்ற வாக்குவாதத்தில் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பலரும் பேசாமல் விடுகிறார்கள். அசல் சிங்கிளுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு காசுகூட வாசித்தவருக்குப் போகாது. உரிமை வாங்கி முறையாக வெளியிட்ட மறுவெளியீட்டில் போகும். ஃபதூலை மறுவெளியீடு செய்த ஹபீபி ஃபங்க் லேபிள் லாபத்தைக் கலைஞர் தரப்போடு சரிபாதியாகப் பிரிப்பதாக வெளிப்படையாகச் சொல்கிறது. நவ்-அகெய்ன் 2012-இல் விட்ச் குழுவின் இசையைப் பெட்டித் தொகுப்பாகக் கொண்டுவந்த பிறகு ஜகாரி வெளிநாட்டு மேடைகளில் பாடினார், 2023-இல் விட்ச் புது எல்.பி.யே வெளியிட்டது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பாடகருக்கு மேடை திரும்பக் கிடைத்தது மறுவெளியீட்டால்தான், அசல் பிரதி ஏலத்தில் கை மாறியதால் அல்ல. உரிமை வாங்காத மறுவெளியீட்டை எவ்வளவு அழகான உறையில் வந்தாலும் வாங்காதீர்கள்.

2000-களில் பணக்கட்டோடு வந்து இறங்கி, பெட்டி பெட்டியாகத் தட்டுகளை அள்ளிப்போன வெளிநாட்டினரைப் பற்றியும் இரண்டு கருத்து இருக்கிறது. அவர்கள் எடுக்காவிட்டால் கரையான் தின்றிருக்கும் என்பது ஒன்று. அந்த நாடுகளின் இசை வரலாறு அந்த நாடுகளை விட்டே போய்விட்டது என்பது இன்னொன்று. இரண்டாவது எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. இன்று லாகோஸில் ஒரு பையன் தன் தாத்தா வாசித்த தட்டைக் கேட்க விரும்பினால் பெர்லினில் ஏலம் கேட்க வேண்டியிருக்கிறது.

இதனால்தான் சேகரிப்பாளருக்கு ஒரு பொறுப்பு வருகிறது என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து மாஸ்டர் டேப்புகள் (மூல ஒலிநாடாக்கள்) பெரும்பாலும் தொலைந்துவிட்டன. மறுவெளியீடுகள் பலவும் நல்ல நிலையிலுள்ள தட்டிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தவைதான். உங்கள் கைக்கு வரும் சுத்தமான பிரதிதான் அந்தப் பாட்டுக்கு இருக்கும் ஒரே மாஸ்டராகவும் இருக்கலாம். கழுவி, நல்ல முள்ளில் ஓட்டி, டிஜிட்டலில் பதிந்து, இரண்டு லேபிளையும் ஸ்கேன் செய்து வையுங்கள். குழுவினரோ அவர்கள் குடும்பமோ கேட்டால் உடனே கொடுங்கள். உரிமை வாங்கி வெளியிடுபவர் கேட்டால் தட்டையே இரவல் கொடுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? ஏலத்தில் பெயர் அடிபடும் தட்டுகளை முதல் வருடம் தொடவே வேண்டாம். நைஜீரிய எச்.எம்.வி., டெக்கா லேபிள்களில் உங்களுக்குப் பெயர் தெரியாத கிழக்கத்திய குழுக்களின் சிங்கிள்களை, ஒலிப்பதிவு கேட்டுவிட்டு, கூட்டமாக வாங்குங்கள். ஐந்தாறு தட்டுகளை ஒரே பொதியில் வரவழைத்தால்தான் கட்டுப்படியாகும். ஒற்றைத் தட்டுக்குத் தபாலும் சுங்கமும் தட்டின் விலையையே எட்டிவிடும். நடுத்துளை பெரிதாக வெட்டப்பட்டிருந்தால் அடாப்டர் ஒன்று வேண்டும், அது பெரிய செலவில்லை. இரண்டு பக்கத்தையும் கேளுங்கள், ஏ பக்கத்தை முதலில்.